புதுக்கோட்டை சைக்கிள் ஏறிய காலம்

எழுத்தறிவு இயக்கம் என்றால் சிலேட்டு, பல்பம், அரிக்கேன் விளக்கு. அதற்கு மேல் பெரிதாக யாரும் யோசித்ததில்லை. 1991இல் புதுக்கோட்டை ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத், அந்தப் பட்டியலில் சைக்கிளையும் சேர்த்தார். அறிவொளி என்ற அந்த எழுத்தறிவு இயக்கத்தின் தொண்டர்களில் பெண்கள் ஏராளம். பஸ் எட்டிப் பார்க்காத ஊர்களுக்கு அவர்கள் எப்படிப் போய்ச் சேருவார்கள்? அண்ணனோ கணவனோ கொண்டுபோய் விட்டால்தான் உண்டு என்ற நிலை.

அறிவொளி இயக்கமே விசித்திரமான கலவைதான். கேரளத்தின் எர்ணாகுளம் 1990இல் முழு எழுத்தறிவு மாவட்டமாக அறிவிக்கப்பட்டதும், அந்த வழி மற்ற மாவட்டங்களுக்கும் பரவியது. பணம் அரசுடையது, தலைமை கலெக்டருடையது. ஊர் ஊராக இறங்கி வேலை செய்தவர்களோ தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தினரும், பள்ளி ஆசிரியர்களும், படித்துவிட்டு வீட்டிலிருந்த இளைஞர்களும். சாயங்காலம் திண்ணையிலும் தெருவிளக்கடியிலும் சொல்லிக்கொடுத்த தொண்டருக்குச் சம்பளம் கிடையாது. பாடப்புத்தகம் அம்மா, ஆடு என்று தொடங்கவில்லை. முதல் பாடத்திலேயே பட்டா வந்தது. நிலமில்லாதவர்கள் நிறைந்த வகுப்பில் அந்தச் சொல் என்ன பேச்சைக் கிளப்பியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

சைக்கிளுக்கு வருவோம். லேடீஸ் சைக்கிள் போதுமான அளவில் கிடைக்கவில்லை. சரி என்று பார் வைத்த ஆண்கள் சைக்கிளிலேயே சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினார்கள். ஓட்டிப் பழகியபின் சிலருக்கு அதுவே பிடித்துப்போனது, முன்பாரில் பிள்ளையை உட்கார வைக்கலாமே! பின்னால் தண்ணீர்க்குடம், முன்னால் குழந்தை என்று பெண்கள் போவது ஒன்றிரண்டு ஆண்டுகளில் சாதாரணக் காட்சியாகிவிட்டது. கேலியும் ஏச்சும் இல்லாமல் இல்லை. அறிவொளியின் முத்துபாஸ்கரன் எழுதிய சைக்கிள் பாட்டு அதற்கெல்லாம் ஈடுகொடுத்தது. சைக்கிள் வாங்கக் கடனுக்கும் நிர்வாகம் ஏற்பாடு செய்தது. 70,000க்கும் அதிகமான பெண்கள் பொதுவெளியில் போட்டிகளிலும் கண்காட்சிகளிலும் ஓட்டிக் காட்டியதாகப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் பதிவு செய்திருக்கிறார்.

இதே ஊரில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், முத்துலட்சுமி என்ற ஒரு பெண்ணை ஆண்கள் கல்லூரியில் சேர்க்கவே மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் தலையிட வேண்டியிருந்தது. பின்னாளில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியாக நாடறிந்த அவரும் வகுப்பில் திரைக்குப் பின்னால்தான் உட்கார்ந்தார். மன்னர் செய்தது பெரிய காரியம், மறுப்பதற்கில்லை. ஆனால் அது ஒருவர் தயவில் ஒருவருக்குத் திறந்த கதவு.

அறிவொளியின் கணக்கு வேறு. மைய ஒருங்கிணைப்பாளர் கண்ணம்மாளைப் போன்ற பெண்கள் முதலில் தாங்கள் ஏறி ஓட்டினார்கள், பிறகு அடுத்தவருக்கு ஹேண்டில்பாரைப் பிடித்துக் கற்றுக்கொடுத்தார்கள். கலெக்டர் ஆணை மட்டும் போட்டிருந்தால் பயிற்சி முகாம் நடந்திருக்கும், புகைப்படமும் வந்திருக்கும். அவ்வளவுதான்.

எல்லாமே நிலைத்துவிட்டது என்று சொல்ல முடியாது. அதே காலத்தில் கல் குவாரிகள் ஒப்பந்தக்காரர்களிடமிருந்து எடுக்கப்பட்டு, அங்கே கல் உடைத்துக்கொண்டிருந்த பெண்களின் குழுக்களுக்கே குத்தகைக்கு விடப்பட்டன. பெரும்பாலும் தலித் பெண்கள். கூலிக்காரிகளாக இருந்தவர்கள் கையில் நாலு காசு நின்றது. குழந்தைகள் பள்ளிக்கூடம் போனார்கள். ஆனால் குத்தகை அரசு கொடுப்பது. கொடுத்ததை எடுத்துக்கொள்ளவும் அரசால் முடியும். ஒப்பந்தக்காரர்களின் நெருக்கடி கடைசிவரை ஓயவில்லை. ஆதரவான அதிகாரி மாறிப்போனால் குவாரி ஆட்டம் காணும். ஓட்டக் கற்ற சைக்கிளை எந்த மாறுதல் உத்தரவும் பறிக்க முடியாது.

கலெக்டர் மாறினார். தொண்டர்கள் சிலர் வேலை தேடிப் போனார்கள், சில ஊர்களில் வகுப்புகள் நின்றன. படித்தது மறந்துபோனவர்களும் உண்டு. ஆனால் திங்கட்கிழமை மனு கொடுக்கக் கலெக்டர் ஆபீசுக்கு வந்த பெண்கள் கைநாட்டு வைக்கும் இடத்தில் கையெழுத்துப் போட்டார்கள். புதுக்கோட்டை கிராமங்களில் தங்கி ஆய்வு செய்த மானிடவியலாளர் பிரான்சிஸ் கோடி, அந்த மனுக்களுக்காகவே 2013இல் வெளியான தன் நூலில் நிறைய இடம் ஒதுக்கியிருக்கிறார்.

பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கு விலையில்லா சைக்கிள் தரும் திட்டத்தைத் தமிழக அரசு 2001இல் தொடங்கியது. அப்போது புதுக்கோட்டைப் பெண்கள் சைக்கிள் ஏறிப் பத்து வருடமாகியிருந்தது.