‘சாகும்வரை சிறை’: பாலியல் வன்முறை வழக்கில் தண்டனையை கோர்ட் எப்படி முடிவு செய்கிறது?

“ஆயுள் தண்டனைன்னா 14 வருஷம்தானே?” தீர்ப்பு வரும்போதெல்லாம் கேட்கிற கேள்வி இது. சட்டப்படி ஆயுள் தண்டனை என்றால் ஆயுள் முழுக்கத்தான். கொலை போல மரண தண்டனைக்கும் இடமுள்ள குற்றங்களில், 14 ஆண்டு முடியும் முன் அரசு தண்டனையைக் குறைத்து விடுவிக்க முடியாது. 14 என்ற எண் அங்கிருந்து வந்ததுதான். அது முடிந்ததும் விடுதலை உறுதி என்று அர்த்தமில்லை.

பெங்களூருவின் இரண்டு வழக்குகளைப் பார்த்தால் மீதி புரியும்.

முதல் வழக்கு

2005 டிசம்பரில் நைட் ஷிஃப்ட்டுக்குக் கிளம்பிய இளம்பெண் ஊழியரை கேப் டிரைவர் பாலியல் வன்கொடுமை செய்து கொன்றார். 2010-ல் விசாரணை நீதிமன்றம், சாகும்வரை சிறை என்று தீர்ப்பளித்தது. சிவாஜிநகரிலிருந்து கொஞ்ச தூரத்தில், விதான சௌதாவுக்கு எதிரே இருக்கும் உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. கொலைக்கான ஆயுள் தண்டனையில் ‘குறைப்பே கிடையாது’ என்று சேர்க்கும் அதிகாரம் உயர், உச்ச நீதிமன்றங்களுக்கு மட்டுமே உண்டு என்றது. சிறையில் அவரது நடத்தை திருப்தியாக இருந்தது, திருந்தும் வாய்ப்பை முழுசாக மறுக்க முடியாது என்றும் பார்த்தது. ஆனால் அதிக சலுகை காட்டினால் சட்டத்தின் மேல் மக்களுக்குள்ள நம்பிக்கை குறையும், பாதிக்கப்பட்டவரின் உரிமையும் முக்கியம் என்றது. முடிவு: குறைப்பில்லாமல் 30 ஆண்டு சிறை.

இரண்டாவது வழக்கு

வீட்டுப் பணியாளரைப் பலமுறை பாலியல் வன்கொடுமை செய்ததாக முன்னாள் எம்.பி. பிரஜ்வல் ரேவண்ணாவுக்கு, 2025 ஆகஸ்ட் 2 அன்று பெங்களூரு சிறப்பு நீதிமன்றம் வாழ்நாள் முழுக்க சிறை விதித்தது. அவர் மேல்முறையீடு செய்திருக்கிறார்.

விசாரணை நீதிமன்றம் இங்கே மட்டும் எப்படி இதைச் சொல்ல முடிந்தது? 2013 சட்டத் திருத்தம்தான் காரணம். ஆதிக்கம் செலுத்தும் நிலையில் இருப்பவர் செய்தாலோ, அதே பெண்ணிடம் திரும்பத் திரும்பச் செய்தாலோ குறைந்தது 10 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள். அந்த ஆயுள் ‘இயற்கையான வாழ்நாளின் மீதி முழுவதும்’ என்று சட்டப் பிரிவிலேயே எழுதியிருக்கிறது.

நீதிபதி எதையெல்லாம் பார்ப்பார்?

குற்றவாளி என்று அறிவித்தபின், தண்டனை பற்றி மட்டும் இரு தரப்பையும் கேட்க வேண்டும். குற்றம் நடந்த விதம், பாதிப்பு, குற்றவாளியின் வயது, முந்தைய வழக்குகள் எல்லாம் அப்போதுதான் எடைபோடப்படும்.

ஆனால் சட்டம் போட்ட எல்லைக்குள்தான் தீர்மானிக்க முடியும். 2024 ஜூலை 1 முதல் நடக்கும் குற்றங்களுக்கு பாரதிய நியாய சன்ஹிதா பொருந்தும். அதில் பாலியல் வல்லுறவுக்குக் குறைந்தது 10 ஆண்டு. கூட்டு வல்லுறவுக்கும், 16 வயதுக்குட்பட்ட சிறுமி என்றாலும் 20 ஆண்டு. 12 வயதுக்குட்பட்டவர் என்றால் மரண தண்டனைவரை போகலாம்.

முன்பு, ‘சிறப்புக் காரணம்’ எழுதிவிட்டுக் குறைந்தபட்சத்துக்கும் கீழே போக முடிந்தது. 2013-ல் அந்த வழி மூடப்பட்டது. “சமரசம் ஆயிட்டோம்” என்பதும் தண்டனையைக் குறைக்கக் காரணமாகாது என்று அதே ஆண்டு உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது.

அடுத்த முறை ‘ஆயுள் தண்டனை’ என்று செய்தி வந்தால் இரண்டு விஷயங்களைப் பாருங்கள்: எந்தச் சட்டப் பிரிவு, எந்த நீதிமன்றம். எத்தனை வருஷம் என்பதற்கான பதில் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.