ஹீமோகுளோபின் ஏன் சுத்தல?

ஆபீஸ்ல ஆணி அதிகம். போன ஞாயித்துக்கிழமை தங்கச்சி வேற ஒரு ஆணியை வீட்டுக்கே கொண்டு வந்துட்டா. பயோகெமிஸ்ட்ரி படிக்கிறா. அவங்க மேடம் பல வருஷத்துக்கு முன்னாடி தானே எழுதி வச்ச ஹீமோகுளோபின் பாடம், ஒரு பென்டிரைவ்ல. பட்டனை அழுத்தினா மூலக்கூறு சுத்தணும், இரும்பு அணு மட்டும் தனியா தெரியணும். ஒண்ணும் ஆகல. சாம்பல் கலர்ல ஒரு கட்டம், அவ்ளோதான். "அண்ணா, நீ சாஃப்ட்வேர்தானே, பாரு"ன்னுட்டா.

திறந்து பார்த்தா உள்ள ஒரு ஜாவா ஆப்லெட். அதைத் தோண்டப் போய்த்தான் இந்தக் கதை மாட்டுச்சு. கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்குவோம்.

மூலக்கூறைத் திரையில திருப்பிப் பார்க்கிற வேலையை 1960களிலேயே எம்.ஐ.டி.யில சைரஸ் லெவிந்தால் குழு செஞ்சு காட்டிருச்சு. ஆனா சாதாரண ஆளுங்களோட கணினிக்கு அது வந்தது 1993ல, ரோஜர் சேல் எழுதின ராஸ்மோல் வழியா. மனுஷன் மூலநிரலையும் சேர்த்தே சும்மா கொடுத்தார். அதை அடிப்படையா வச்சுத்தான் எம்.டி.எல். கம்பெனி 1996ல 'சைம்'ங்கிற ப்ளகினைக் கொண்டு வந்துச்சு. நெட்ஸ்கேப் உலாவிக்குள்ளயே புரோட்டீன் சுத்த ஆரம்பிச்சது அப்பத்தான். உலகம் பூரா வாத்தியார்கள் சைம் வச்சுப் பாடம் எழுதித் தள்ளினாங்க.

சைம் நேரடியா மெஷின் கோடா ஓடும், அதனால வேகம். ஆனா லினக்ஸ்ல ஓடாது. நிரலும் பூட்டி வச்சது. உலாவி மாறினா, கம்பெனி மனசு வச்சாத்தான் உண்டு.

அடுத்து வந்தது ஜேமோல். 1990களோட கடைசியில டான் கெசல்டர் ஆரம்பிச்ச திறமூல ஜாவா நிரல். கிராபிக்ஸ் கார்டோட உதவி கேட்காம, ஒவ்வொரு பிக்சலையும் தானே கணக்குப் போட்டு வரையும். கேட்டா மந்தமா இருக்கும்னு தோணுதுல்ல? ஜாவா எங்கெல்லாம் இருக்கோ அங்கெல்லாம் ஓடும்ங்கிறதுதான் இதோட பலம். அதைவிட முக்கியம், ராஸ்மோல், சைம் கட்டளைகளையே இதுவும் புரிஞ்சுக்கும். 'செலக்ட்', 'ஸ்பேஸ்ஃபில்', 'ஸ்பின்' எல்லாம் அப்படியே. அதனால பழைய பாடங்களை இங்க கொண்டு வர வழி இருந்துச்சு.

அப்புறம் ஜாவாவுக்கே சனி பிடிச்சது. 2013 ஜனவரியில பெரிய பாதுகாப்பு ஓட்டை ஒண்ணு வெளியாகி, உலாவியில ஜாவாவை அணைச்சு வைங்கன்னு அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையே சொல்லிருச்சு. குரோம் 2015 செப்டம்பர்லயும், நம்ம நெருப்புநரி 2017 மார்ச்லயும் ஜாவா ப்ளகினுக்குக் கதவைச் சாத்திட்டாங்க. ஐபேட்ல ஆரம்பத்துல இருந்தே ஜாவா கிடையாது. மேடத்தோட பாடம் செத்தது இப்படித்தான். அதுல ஒரு எழுத்துகூட தப்பு இல்ல.

செயின்ட் ஓலாஃப் கல்லூரியில வேதியியல் பேராசிரியரா இருந்த பாப் ஹான்சனும் கூட இருந்தவங்களும் ஒரு வேலை பண்ணாங்க. ஜேமோலோட ஜாவா நிரலை ஜாவாஸ்கிரிப்டா மாத்திட்டாங்க. அதுதான் ஜேஎஸ்மோல். வரையறது ஹெச்டிஎம்எல்5 கேன்வாஸ்ல. இப்பவும் பிக்சல் கணக்கு முழுக்க சிபியு தலையிலதான். அதனால உலாவியோட ஜாவாஸ்கிரிப்ட் எஞ்சின் எவ்வளவு வேகமோ, மூலக்கூறும் அவ்வளவு வேகம். 2008ல குரோம் வி8 எஞ்சினோட வந்து ஆரம்பிச்ச ஓட்டப்பந்தயம் இல்லைன்னா இது நடந்திருக்கவே நடந்திருக்காது. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 8ல கேன்வாஸே கிடையாது, அதுல இதுக்கெல்லாம் வழியே இல்ல.

இன்னொரு பாதை வெப்ஜிஎல். 2011ல வந்த தரம். வரையற வேலை கிராபிக்ஸ் கார்டுக்குப் போயிடும். ஒரு அணுவை உருண்டையாக் காட்ட நூத்துக்கணக்கான முக்கோணம் வேண்டாம். ஒரு சதுரத்தை அனுப்பினாப் போதும், உருண்டை மாதிரி நிழல் போடுறதை கார்டு பார்த்துக்கும். என்.ஜி.எல்., அதுக்கப்புறம் மோல்ஸ்டார் எல்லாம் இந்த வழி. ஹெச்.ஐ.வி. வைரஸோட உள்கூடு, சுமார் 24 லட்சம் அணு, அதையே உலாவியில திருப்பிப் பார்க்கலாம்.

சரி, தங்கச்சி பாடத்துக்கு வருவோம். ஹீமோகுளோபினை மோல்ஸ்டார்ல போட்டேன். வெண்ணெய் மாதிரி வழுக்குச்சு. ஆனா மேடம் எழுதின பட்டன் ஒண்ணும் வேலை செய்யல, ஏன்னா அந்தக் கட்டளை எல்லாம் ஜேமோல் மொழி. அப்புறம் ஜேஎஸ்மோல் கோப்புறையை உள்ள வச்சு, பக்கத்தோட தலையில இருந்த ஸ்கிரிப்ட் வரியை மாத்தி, லோக்கல் சர்வர்ல ஓட்டினேன். சுத்துச்சு! நாலு இரும்பு அணுவும் தனித்தனியாத் தெரிஞ்சுது. குரோம், நெருப்புநரி ரெண்டுலயும் பார்த்தேன், பெரிய வித்தியாசம் இல்ல. புரோட்டீனோட மேற்பரப்பைக் காட்டச் சொன்னா மட்டும் ரெண்டுமே திக்குச்சு.

"மோல்ஸ்டார்தான்மா ஃபாஸ்ட்"னு நான் ஆரம்பிச்சேன். "எது ஃபாஸ்ட்னு நான் கேக்கலையே, எது ஓடும்னுதானே கேட்டேன்"னா. கப்சிப்.

யோசிச்சா அவ சொன்னதுதான் வரலாறும். அன்னிக்கு வேகமா ஓடின சைம் போயாச்சு. ஜாவா ஆப்லெட் போயாச்சு. 1993ல ராஸ்மோல்ல புழங்கின கட்டளை மட்டும் எஞ்சின் மாறி மாறி இன்னும் ஓடுது. நிரல் திறந்து கிடந்ததால யாரோ ஒருத்தர் அதைத் தூக்கி அடுத்த படியில வைக்க முடிஞ்சுது. ஆபீஸ்ல மில்லிசெகண்டுக்கு சண்டை போடுற நான், எழுதுற கோடு பத்து வருஷம் கழிச்சு ஓடுமான்னு ஒரு நாளும் கேட்டதில்ல.

டிஸ்கி: மெட்ராஸ் யுனிவர்சிட்டியில இருந்து ஜி.என்.ராமச்சந்திரன் குழு 1963ல வெளியிட்ட ராமச்சந்திரன் வரைபடத்தையும் ஜேமோல்ல ஒரே கட்டளையில வரையலாம். தங்கச்சிக்குப் போட்டுக் காட்டினேன். அதுக்கு மட்டும் "சூப்பர்ணா" கிடைச்சுது.