ஊர்க்கூட்டமும் அருங்காட்சியகமும்: மெக்சிகோவின் வஹாக்கா தரும் சான்று

சிற்றூர் அருங்காட்சியகங்கள் பணமில்லாமல் நலிகின்றன என்பது பரவலான கருத்து. பணத்தட்டுப்பாடு உண்மைதான். ஆனால் அதைவிட அடிப்படையானது, எதை வைப்பது, யார் பொறுப்பேற்பது என்று முடிவு செய்யும் உரிமை யாரிடம் உள்ளது என்ற கேள்வி. அவ்வுரிமை ஊரின் ஆட்சிமுறையோடு பிணைந்திருந்தால்தான் அருங்காட்சியகம் நிலைக்கும் என்பது இக்கட்டுரையின் வாதம். தெற்கு மெக்சிகோவின் வஹாக்கா மாநிலம் இதற்குச் சான்று.

1964இல் மெக்சிகோ நகரில் தேசிய மானிடவியல் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. அதன் பொருட்டு, மழைக்கடவுள் த்லாலோக்கினுடையதாகக் கருதப்படும் ஏறத்தாழ 167 டன் எடையுள்ள ஒற்றைக்கல் சிலையைக் கோவட்லிஞ்சான் என்னும் ஊரிலிருந்து எடுத்துச் சென்றனர். ஊரார் எதிர்த்தனர், சிலையை ஏற்றவிருந்த வண்டியைப் பழுதாக்கினர். அரசு படையை அனுப்பியது. சிலை தலைநகருக்குப் போய்ச் சேர்ந்தது. தொல்பொருள்கள் நாட்டின் உடைமை என்பதை 1972ஆம் ஆண்டுச் சட்டம் உறுதிப்படுத்தியது. எனினும், நாட்டின் உடைமை என்பதாலேயே ஒரு பொருள் தலைநகரில்தான் இருக்க வேண்டும் என்றாகிவிடாது.

சபோட்டெக் இன நெசவாளர்கள் வாழும் வஹாக்கா ஊரான சாந்தா அனா தெல் வாயே இதை நிறுவியது. 1985இல் அவ்வூர்ச் சதுக்கத்தில் வேலை நடந்தபோது பழங்காலப் புதைகுழி வெளிப்பட்டது. கிடைத்த பொருள்களை ஊரிலேயே வைத்துக் காப்பதென்று ஊர்க்கூட்டம் தீர்மானித்தது. தேசிய மானிடவியல், வரலாற்று நிறுவனத்தின் வல்லுநர்கள் துணைநின்றனர். 1986இல் ஷான்-தானி அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. அங்கே தொல்பொருள்களோடு கம்பளி நெசவும், இறகு நடனமும், மெக்சிகோப் புரட்சிக் காலத்தில் அவ்வூர் பட்ட பாடும் இடம்பெற்றன. எந்தப் பொருளை ஊர் தன் வரலாறாகக் கருதுகிறதோ அதுவே காட்சிக்கு வந்தது.

இதன் நிர்வாகம் கூர்ந்து நோக்கத்தக்கது. வஹாக்கா ஊர்களில் பள்ளி, கோயில் முதலான பொதுக் காரியங்களைக் கவனிக்கும் பொறுப்பைக் குடும்பங்கள் முறைவைத்து, சம்பளமில்லாமல் ஏற்கின்றன. அருங்காட்சியகக் குழுவும் இவ்வரிசையில் சேர்க்கப்பட்டது. ஊர்க்கூட்டமே அதை நியமிக்கிறது. தவணை முடிந்ததும் பொறுப்பு அடுத்த குழுவின் கைக்கு மாறுகிறது. ஆகவே இது ஓர் ஆர்வலரின் உற்சாகத்தையோ ஒரு புரவலரின் கொடையையோ நம்பி நிற்பதில்லை. அவர்களில் யார் விலகினாலும் கதவு திறந்திருக்கும்.

இரண்டு மறுப்புகள் எழலாம். குழு அடிக்கடி மாறினால், கற்ற திறன் கைவிட்டுப் போகும் என்பது முதலாவது. இக்குறையை ஈடுசெய்யவே 1991இல் வஹாக்கா ஊர் அருங்காட்சியகங்கள் ஓர் ஒன்றியமாக இணைந்தன. பயிற்சியும் அனுபவமும் ஊர்களுக்கிடையே பகிரப்படுகின்றன. தெரேசா மொராலெஸ், குவாவ்தெமோக் கமரேனா ஆகிய மானிடவியலாளர்கள் இப்பணியில் நெடுங்காலம் உழைத்தவர்கள். ஊர்க்கூட்டத்தின் குரல் ஊரார் எல்லாருடைய குரலும் ஆகுமா என்பது இரண்டாவது. இது வலுவான மறுப்பு. இத்தகைய கூட்டங்களில் குடும்பத் தலைவர்களான ஆண்களின் சொல்லே நெடுங்காலம் ஓங்கியிருந்தது. பெண்களுக்கும் இளையோருக்கும் முடிவெடுப்பதில் இடம் கிடைக்கும் அளவுக்கே இம்முறை நியாயமானதாகும்.

எனவே, உதவ முன்வரும் அரசுகள் கட்டடத்துக்கும் காட்சிப்பெட்டிக்கும் நிதி ஒதுக்குமுன், அந்த ஊரில் பொறுப்பைக் கைமாற்றும் முறை உண்டா என்று பார்க்க வேண்டும். பொருளைப் பேணும் நுட்பத்தை வல்லுநர் கற்றுத்தரலாம். எதைப் பேணுவது என்ற தீர்ப்பை ஊரிடமே விட வேண்டும்.