பாத அழுத்தச் சிகிச்சை: அதன் பிறப்பும் தமிழ்நாட்டில் அது கண்ட வளர்ச்சியும்

வேலூருக்குத் தென்மேற்கே, ஜவ்வாது மலைத்தொடரின் அடிவாரத்தில் அமைந்துள்ள ஒடுகத்தூரில் வெள்ளிக்கிழமைதோறும் கூடும் ஆட்டுச் சந்தையை அறியாதவர் அந்த வட்டாரத்தில் இலர். பீஞ்சமந்தை, ஜார்த்தான்கொல்லை, பாலாம்பட்டு முதலிய மலையூர்களில் சாமையும் புளியும் தேனும் கொண்டு வாழ்க்கை நடத்துகின்ற மலையாளி இன மக்கள், தலைமுறை தலைமுறையாகத் தம் ஆடுகளை ஓட்டிக்கொண்டும், தலைச்சுமை தாங்கிக்கொண்டும், கல்லும் முள்ளும் நிறைந்த ஒற்றையடிப் பாதைகளில் இறங்கியும் ஏறியும் பழகியவர்கள். அவர்களுக்குக் கால் என்பது உடம்பின் ஓர் உறுப்பு மட்டுமன்று. ஜீவனோபாயத்தின் முதல் சாதனமும் அதுவே. நகரங்களிலோ, நாள் முழுவதும் நாற்காலியில் அமர்ந்து மனத்தை மட்டுமே களைப்புறச் செய்துகொள்கின்ற மக்கள், ரிஃப்ளெக்ஸாலஜி என்ற பெயரால் வழங்கும் பாத அழுத்தச் சிகிச்சையைக் கட்டணம் கொடுத்துப் பெற்று, அதனால் சஞ்சலம் தணிந்ததென்றும் நித்திரை கூடிற்றென்றும் சொல்லுகிறார்கள். உள்ளங்காலில் சரீரத்தின் சகல அவயவங்களுக்கும் உரிய ஸ்தானங்கள் வகுக்கப்பட்டுள்ளன என்றும், இது ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக வரும் கீழ்த்திசை ஞானம் என்றும் அச்சிகிச்சைக்கு ஒரு பூர்வ சரித்திரமும் கூறப்படுகிறது. அந்தச் சரித்திரம் எவ்வளவு தூரம் உண்மை என்பதையும், நம் நாட்டில் உண்மையாகவே இருந்த பாத சிகிச்சை எத்தகையது என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இன்று வழங்கும் பாத வரைபடத்தின் மூலத்தைத் தேடிச் செல்வோர் சென்று சேரும் இடம் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தைச் சேர்ந்த ஹார்ட்ஃபோர்ட் நகரம். அங்கே காது, மூக்கு, தொண்டை மருத்துவராகத் தொழில் நடத்திய வில்லியம் ஃபிட்ஸ்ஜெரால்டு என்பார் (1872-1942), விரல்களிலும் பாதங்களிலும் சில இடங்களை அழுத்திப் பிடித்தால் முகத்திலும் தொண்டையிலும் வலியுணர்ச்சி மழுங்குகிறது என்று தம் அநுபவத்தில் கண்டதாகக் கூறி, சரீரத்தைத் தலை முதல் கால் வரை நெடுக்காகப் பத்து மண்டலங்களாகப் பிரித்தார்; நடுக்கோட்டுக்கு வலப்புறம் ஐந்து, இடப்புறம் ஐந்து. ஒரு மண்டலத்தில் எவ்விடத்தை அழுத்தினாலும் அதே மண்டலத்தின் வேறோர் இடத்தில் பயன் விளையும் என்பது அவர் கொள்கை. ரப்பர் வளையம், துணி மாட்டும் கவ்வி, உலோகச் சீப்பு ஆகியவையே அவருடைய சாதனங்கள். எட்வின் பௌவர்ஸ் என்பவருடன் சேர்ந்து 1917-ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட நூல் 'மண்டல சிகிச்சை' என்ற பெயரை நிலைநாட்டிற்று. அக்காலத்தில் ஐரோப்பிய நரம்பியல் அறிஞர்கள் அநிச்சைச் செயல்களைப் பற்றியும், உள்ளுறுப்பின் நோவு தோலின் வேறோரிடத்தில் தோன்றுவதைப் பற்றியும் விரிவாக ஆராய்ந்துகொண்டிருந்தனர். ஹென்றி ஹெட், சார்லஸ் ஷெரிங்டன் ஆகியோரின் ஆராய்ச்சிகள் உண்டாக்கிய அறிவுச் சூழலில்தான் இக்கொள்கைக்குச் செவிசாய்ப்பார் கிடைத்தனர். ஆயினும் ஷெரிங்டன் நிறுவிய நரம்புப் பாதைகளுக்கும் ஃபிட்ஸ்ஜெரால்டு வரைந்த பத்துக் கோடுகளுக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை என்பதை இங்கே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்.

மண்டலங்களைப் பாதத்தில் ஒடுக்கி, கட்டைவிரல் நுனியில் தலையும் பாதத்தின் நடுவில் வயிறும் சிறுநீரகமும் குதிகாலில் இடுப்பும் என்றவாறு வரைபடம் அமைத்த பெருமை யூனிஸ் இங்காம் (1889-1974) என்ற பெண்மணிக்கு உரியது. ஜோ ஷெல்பி ரைலி என்னும் மருத்துவரிடம் 1930-களில் இயன்முறைச் சிகிச்சையாளராகப் பணியாற்றிய இவர், நூற்றுக்கணக்கானோரின் பாதங்களை அழுத்திப் பார்த்து, நோவு தோன்றும் இடங்களைக் குறித்துக்கொண்டு, 1938-இல் தம் முதல் நூலை வெளியிட்டார். அதன்பின் ஊர் ஊராகச் சென்று வைத்தியர் அல்லாத சாமானியருக்கும் அம்முறையைக் கற்றுக்கொடுத்தார். சிகிச்சை பரவியதற்குக் காரணம் அதன் கொள்கையைக் காட்டிலும் இந்த அம்மையாரின் விடாமுயற்சியே என்பது என் அபிப்பிராயம். அவருடைய மாணவியருள் ஒருவரான டொரீன் பேய்லி 1960-களில் இதனை இங்கிலாந்துக்குக் கொண்டுசென்றார். ஹன்னே மார்க்வார்ட் ஜெர்மனியில் பரப்பினார். சுவிட்சர்லாந்திலிருந்து தைவானுக்குச் சென்ற பாதிரியார் யோசெஃப் ஆய்க்ஸ்டர், அங்கே இதற்குப் புதிதாக ஒரு செல்வாக்கைத் தேடிக்கொடுத்தார். இதன் பழமைக்குச் சான்றாகக் காட்டப்படுவதுபோல, எகிப்து தேசத்துச் சக்காராவில் அங்க்மஹோர் என்பானின் சமாதியில், ஒருவருடைய கைகளையும் கால்களையும் மற்றொருவர் பற்றியிருக்கும் சித்திரம் இருப்பது உண்மையே. ஆனால் அது நகம் திருத்தும் காட்சியாகவும் இருக்கலாம் என்று கருதுவோரும் உளர். அச்சித்திரத்தில் அவயவ வரைபடம் எதுவும் இல்லை.

இனி நம் நாட்டுக்கு வருவோம். பாதத்தைப் பேணுவதில் பாரத தேசத்து வைத்திய சாஸ்திரங்கள் காட்டிய சிரத்தை சாமானியமானதன்று. சரக சம்ஹிதையின் சூத்திர ஸ்தானத்தில் ஐந்தாம் அத்தியாயம், அன்றாட ஒழுக்கங்களை விவரிக்குமிடத்து, பாதங்களுக்கு எண்ணெய் தேய்த்துக்கொள்ளுதலைத் தனியே எடுத்துக்கொண்டு, கால்களின் கடினமும் வறட்சியும் மரத்துப்போதலும் களைப்பும் அதனால் நீங்கும் என்றும், கால்களுக்குப் பலமும் மிருதுத் தன்மையும் உண்டாகும் என்றும், பார்வை தெளியும் என்றும், வாயு அடங்கும் என்றும், வெடிப்பும் இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் வாத நோவும் அணுகா என்றும் கூறுகிறது. பார்வை தெளியும் என்ற ஒன்றை நீக்கிப் பார்த்தால், இவையனைத்தும் நடந்து களைத்த காலுக்கு நேரும் இயல்பான துன்பங்களே. அவற்றுக்குச் சொல்லப்பட்ட நிவாரணமும் இயல்பானதே. கல்லீரலையோ இருதயத்தையோ உள்ளங்காலில் தேடும் முயற்சி அங்கே இல்லை. சுசுருதர் எண்ணிய 107 மர்மங்களுள் உள்ளங்காலின் நடுவில் உள்ள தலஹிருதயமும், பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடையே உள்ள க்ஷிப்ரமும் பாதத்தைச் சேர்ந்தவை. ஆனால் அவை காயம் பட்டால் அபாயம் விளையும் இடங்களாகவே, சத்திர வைத்தியனின் எச்சரிக்கைக்காகக் குறிக்கப்பட்டன.

தமிழ் மருத்துவத்திலும் இதே இரு வழிகளைக் காண்கிறோம். ஒன்று தொக்கணம். தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்தல், அசைத்தல் என ஒன்பது வகையாக விரித்துரைக்கப்படும் இது, சித்த மருத்துவத்தின் 32 புற மருத்துவ முறைகளுள் ஒன்றாகக் கொள்ளப்படுவது. வாதத்தைத் தன்னிலைப்படுத்தி, உடலின் அசதியைப் போக்குவதே இதன் பிரதான பயன். மற்றொன்று வர்மம். படுவர்மம் 12, தொடுவர்மம் 96, ஆக 108 என்று எண்ணப்படும் இப்புள்ளிகளைப் பற்றிய ஞானம், தென்கோடியில் கன்னியாகுமரிப் பகுதியின் ஆசான்மாரிடையே, சிலம்பமும் அடிமுறையும் பயிலும் களரிகளோடு இணைந்து, குரு சிஷ்ய பரம்பரையாகக் காக்கப்பட்டு வந்தது. உள்ளங்கால் வெள்ளை வர்மம் என்று பாதத்திற்கே உரிய வர்மமும் அதில் உண்டு. அடிபட்டவனை எழுப்புவதற்கும், சுளுக்கையும் முறிவையும் செப்பனிடுவதற்கும் பிறந்த இந்த வித்தை, ஸ்பரிசத்தின் அளவை மாத்திரைக் கணக்கில் கூறும் அளவுக்கு நுட்பமானது. விரலின் அழுத்தம் மிகுந்தால் தீங்கு என்று அது கொண்டிருந்த பயபக்தி, இன்றைய சிகிச்சை நிலையங்கள் பலவற்றில் காணக் கிடைக்காத அரிய பண்பு.

இவ்விரண்டு மரபுகளும் ஏட்டிலிருந்தும் ஆசான் வீட்டுத் திண்ணையிலிருந்தும் கல்விக்கூடத்திற்கு வந்த கதை நீண்டது. 1921-ஆம் ஆண்டில் சென்னை மாகாண அரசு முகம்மது உஸ்மான் தலைமையில் சுதேச வைத்தியங்களை ஆராய ஒரு குழுவை நியமித்தது. அதன் விளைவாக 1925-இல் சென்னையில் இந்திய வைத்தியப் பள்ளி தோன்றியது. 1964-இல் பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரியும், 2005-இல் தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் எழுந்தன. இதற்கிடையில் வேறொரு நீரோட்டமும் வந்து கலந்தது. ஜப்பானியரோடு போரிட்ட சீனத்திற்கு 1938-இல் சென்ற இந்திய மருத்துவக் குழுவில் துவாரகாநாத் கோட்னிஸுடன் இருந்த வங்காளத்து டாக்டர் பிஜய்குமார் பாசு, பின்னர்ச் சீனத்தில் அக்குபங்சரைக் கற்று, 1959-இல் கல்கத்தாவில் அதனைத் தொடங்கினார். ஊசியில்லாத அக்குபிரஷரும், அமெரிக்கப் பாத வரைபடமும் பின்னர் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு சிறு கைப்புத்தகங்களாக வீடுதோறும் நுழைந்தன. சென்னைப் பூங்காக்கள் சிலவற்றில் வெறுங்காலோடு நடக்கக் கூழாங்கல் பதித்த பாதைகளும் அமைந்தன. இப்படிப் பல ஊற்றுகள் கலந்தபின், அனைத்தையும் ஒரே பழமையின் பெயரால் அழைக்கும் வழக்கம் எளிதில் வேரூன்றிவிட்டது.

சரித்திரம் எதுவாயினும் பயன் உண்டா என்று வாசகர் கேட்பது நியாயமே. 2009-இல் எட்ஸார்ட் எர்ன்ஸ்ட் என்னும் பேராசிரியர், அதுவரை நடந்த 18 சோதனைகளைத் தொகுத்து ஆராய்ந்து, எந்த நோயையும் இச்சிகிச்சை தீர்க்கும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்று முடிவு கூறினார். ஆஸ்திரேலிய அரசு 2019 ஏப்ரல் முதல் தனியார் மருத்துவக் காப்பீட்டுச் சலுகையிலிருந்து நீக்கிய 16 இயற்கைச் சிகிச்சைகளில் இதுவும் ஒன்று. ஆனால் என் கருத்தில் இவை யாவற்றினும் சிந்தனைக்குரியது, அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த க்வென் வையட்டும் அவர் குழுவினரும் 2012-இல் வெளியிட்ட ஆராய்ச்சி. முற்றிய மார்பகப் புற்றுநோயால் வருந்திய 385 பெண்களுள் ஒரு பிரிவினருக்கு வரைபடப்படி பாத அழுத்தமும், ஒரு பிரிவினருக்கு வரைபடம் அறியாதவர் செய்த சாதாரணப் பாதப் பிடித்தலும், ஒரு பிரிவினருக்கு வழக்கமான மருத்துவம் மட்டுமே அளிக்கப்பட்டன. முதற்பிரிவினருக்கு மூச்சுத்திணறல் குறைந்து, அன்றாடக் காரியங்களைச் செய்யும் சக்தி ஓரளவு கூடிற்று. மனக்கவலையிலோ நோவிலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. களைப்பு தணிந்ததோ சாதாரணமாகக் கால் பிடித்துவிடப்பட்டவர்களுக்கு! தாய்க்கு மகளும் பாட்டிக்குப் பேரனும் இரவில் கால் பிடித்துவிடும் நம் வீட்டு வழக்கத்திற்கு இதைக் காட்டிலும் உயர்ந்த சாட்சியம் நான் கண்டதில்லை. அன்போடும் பொறுமையோடும் ஒருவர் அரை மணி நேரம் தம் பாதங்களைப் பற்றிக்கொண்டிருப்பது, உடம்பும் மனமும் பதற்றம் நீங்கி இளைப்பாறுவதற்குப் போதிய காரணம். அதற்கு உள்ளங்காலில் கல்லீரல் இருக்க வேண்டிய அவசியமில்லை.

இந்த விஷயத்தில் வேலூர் மாவட்டத்திற்கு உலகம் கடன்பட்டுள்ள ஒரு ஞானமும் உண்டு. கொல்லிமலையில் 1914-இல் பிறந்த பால் பிராண்ட், 1946-இல் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து தொழுநோயாளிகளிடையே பணியாற்றியபோது, அவர்களுடைய விரல்களும் பாதங்களும் அழிவது நோய்க்கிருமி தின்பதாலன்று, வலியுணர்ச்சி இழந்தமையால் உண்டாகும் காயங்களும் ஓயாத அழுத்தமுமே காரணம் என்று கண்டறிந்தார். அவரும் அவரைச் சார்ந்தோரும் வேலூரிலும் கரிகிரியிலும் மிருதுவான நுண்துளை ரப்பரால் அடித்தட்டு அமைத்த காலணிகளை உருவாக்கினர். இன்று நீரிழிவால் பாதம் மரத்தவர்களுக்கும் அத்தகைய காலணிகளே பரிந்துரைக்கப்படுகின்றன. உணர்ச்சி குன்றிய பாதத்தை அழுத்துவது எத்தகைய அபாயம் என்பதை இந்த வரலாறு போதிக்கிறது. நெடுநாள் நீரிழிவு உடையவர், பாதத்தில் புண் உடையவர், காலில் இரத்தம் உறைந்து வீக்கம் கண்டவர் ஆகியோர் வைத்தியரின் பரிசோதனைக்கு முன் இச்சிகிச்சைக்குக் கால் நீட்டலாகாது.

மலைக்கு மீண்டும் வருவோம். ஒடுகத்தூரை அடுத்த அல்லேரி மலையில், 2023-ஆம் ஆண்டில் பாம்பு தீண்டிய ஒன்றரை வயதுக் குழந்தை ஒன்று, சாலையின்மையால் உரிய காலத்தில் மருத்துவமனை சேர இயலாமல் மாண்டது. அதன் உடலையும் சுமந்துகொண்டு நடந்தே ஏற வேண்டிய நிலை பெற்ற தாய்க்கு நேர்ந்தது. அத்தகைய ஊர்களுக்கு முதலில் வேண்டுவன சாலையும், பாம்புக்கடி மருந்தும், இரவிலும் திறந்திருக்கும் ஆரம்ப சுகாதார நிலையமுமே. அவை அமைந்தபின், அல்லது அவற்றோடு சேர்த்தே, பாளையங்கோட்டையிலும் தாம்பரத்திலும் தொக்கணமும் வர்மமும் கற்றுத் தேறும் இளைஞர்கள் சிலர் ஜவ்வாது மலையூர்களுக்குச் சென்று, அங்குள்ள முதியோர் களைத்த காலுக்கு என்ன எண்ணெய் காய்ச்சுகிறார்கள், எவ்வாறு பிடித்துவிடுகிறார்கள், எப்போது வேண்டாம் என்று விலக்குகிறார்கள் என்பதை அவர்கள் வாய்மொழியாகவே கேட்டு, அவர்களுடைய சம்மதத்தோடு எழுதி வைக்க வேண்டும் என்று சித்த மருத்துவக் கல்லூரிகளை வேண்டிக்கொள்கிறேன்.