தேய்மானமே சான்று: தருமபுரி மைக் செட் பெட்டிகளில் அறுபதுகளின் இசைத்தட்டுகள்

1. எல்லை

பழைய இசைத்தட்டு சேகரிப்பவர்கள் உலகெங்கும் முதலில் பார்ப்பது தட்டின் மேனியை. கீறலற்ற தட்டுக்கு உயர்ந்த தரமும் விலையும் உண்டு; தேய்ந்த தட்டு கழிவுக்குப் போகும். இந்த அளவுகோல் தருமபுரிக்குப் பொருந்தாது என்பதே இக்கட்டுரையின் துணிபு. இங்கே பழைய வீடுகளிலிருந்தும் காயலான் கடைகளிலிருந்தும் வெளிவரும் தட்டுகளில் பல, விசேஷங்களுக்கு ஒலிபெருக்கி வைத்த மைக் செட் கடைகளில் உழைத்தவை. அவற்றின் தேய்மானத்தைக் குறை என்று ஒதுக்கினால், அந்தத் தட்டுகள் சொல்லக்கூடிய வரலாற்றையே ஒதுக்கிவிடுகிறோம்.

தருமபுரி 1965 அக்டோபர் 2 அன்று சேலம் மாவட்டத்திலிருந்து பிரிந்தது. 2004இல் கிருஷ்ணகிரி அதிலிருந்து பிரிந்தது. எனவே அறுபதுகளின் தருமபுரி என்பது ஓசூர் வரை நீளும் பெரிய நிலப்பரப்பு. தட்டின் உறையில் 'சேலம் ஜில்லா' என்ற ரப்பர் முத்திரை இருந்தால் அது 1965க்கு முந்தையது என்று கொள்ளத் தோன்றும். ஆனால் கடைக்காரர் பழைய முத்திரையையே பல ஆண்டுகள் குத்தியிருக்கக் கூடும். வேறொரு சான்று துணைக்கு வராமல் முத்திரையை மட்டும் நம்பிக் காலம் குறிப்பது தவறு.

2. மூன்று பண்டங்கள்

நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் பழைய தட்டு அரக்கால் ஆனது. அரக்கோடு கல்பொடியும் கரியும் கலந்து அழுத்துவார்கள். கைதவறினால் உடையும். பத்து அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ மூன்று நிமிடம்தான் அடங்கும். 45 சுற்று சுழலும் ஏழு அங்குலத் தட்டை அமெரிக்காவில் ஆர்.சி.ஏ. விக்டர் 1949இல் கொண்டுவந்தது. நம்மூரில் அந்த அளவில் அதிகம் புழங்கியது பக்கத்துக்கு ஒரு பாட்டு கொண்ட தட்டு அன்று, மூன்று நான்கு பாட்டுகள் அடங்கிய 'ஈ.பி.' ஆகும். அதன் பண்டம் வினைல்.

மூன்றாவது பண்டமான ஸ்டைரினால் ஆன தட்டு அமெரிக்கச் சரக்கு. வினைல் தட்டை இரு அச்சுகளுக்கிடையே வைத்து அழுத்தும்போதே லேபிளும் அதோடு ஒட்டிக்கொள்ளும். ஸ்டைரினை உருக்கி அச்சுக்குள் செலுத்துவார்கள். லேபிளைப் பிறகு ஒட்டுவார்கள். அதனால் லேபிள் உப்பியிருந்தாலோ உரிந்திருந்தாலோ ஸ்டைரின் என்று ஐயுறலாம். தட்டு விறைப்பாக இருக்கும், வளையாது. மழுங்கிய ஊசிபட்டால் வினைலைவிட விரைவில் தேயும். வானொலி நிலையத்தார் பாட்டின் தொடக்கத்தில் ஊசியை வைத்துத் தட்டை முன்னும் பின்னும் திருப்பித் தயார் செய்ததால், அங்குள்ள பல ஸ்டைரின் தட்டுகளில் முதல் சில நொடிகள் மட்டும் இரைச்சலாகிவிட்டன. அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் இதைப் பெருங்குறையாகக் கருதுகிறார்கள். ஆனால் அது அந்தத் தட்டு வானொலியில் வேலை பார்த்ததற்கான தடயம். தருமபுரித் தட்டுகளையும் இந்தக் கண்ணோடுதான் பார்க்க வேண்டும்.

3. ஒரே ஆலை, இரண்டு காலம்

கல்கத்தாவை அடுத்த டம்டம்மில் கிராமபோன் கம்பெனி 1928இல் அமைத்த ஆலையே அறுபதுகளிலும் நாட்டின் இசைத்தட்டு உற்பத்தியில் ஏறத்தாழ முழுவதையும் கையில் வைத்திருந்தது. எச்.எம்.வி., கொலம்பியா, ஓடியன், ஏஞ்சல் எனப் பெயர்கள் பல இருந்தும் எல்லாமே ஒரு குடும்பம். மேலைநாடுகள் அரக்குத் தட்டைக் கைவிட்ட பிறகும் இந்த ஆலை அதைத் தொடர்ந்து அழுத்தியது. மின்சாரம் எட்டாத ஊர்களில் சாவி கொடுத்து ஓட்டும் கிராமபோன்தான் இருந்தது என்பதே அதற்குக் காரணம். பீட்டில்ஸ் பாடல்கள்கூட இங்கே அரக்குத் தட்டில் வந்தன. அவற்றை இன்று வெளிநாட்டார் பெரும் விலைக்குத் தேடுகிறார்கள். எம்.எஸ். விஸ்வநாதன்–ராமமூர்த்தி இரட்டையர் 1965இல் பிரியும் வரை தந்த பாடல்களையும், கே.வி. மகாதேவன் பாடல்களையும் அரக்கு, வினைல் இரண்டிலும் தேட வேண்டியிருப்பது இதனால்தான்.

இந்த வட்டாரத்துக்கு அருகிலேயே ஒரு படக் கம்பெனியும் இருந்தது. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் தயாரித்த 'வல்லவனுக்கு வல்லவன்' (1965), 'இரு வல்லவர்கள்' (1966) ஆகிய படங்களுக்கு இசை வேதா. இந்தி, மேலைநாட்டு மெட்டுகளைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர் அவர். தருமபுரிப் பெட்டிகளை ஆராய்பவர் வேதாவின் தட்டுகளைத் தனியே கணக்கிடுவது நல்லது. சேலத்துப் படம் என்ற பற்று வாங்கியவர்களிடம் இருந்ததா என்பதை அந்தக் கணக்கு காட்டலாம்.

4. மைக் செட்

கல்யாணம், காதுகுத்து, மாரியம்மன் பண்டிகை, சாவு எதுவானாலும் மைக் செட் வந்தாக வேண்டும். குழாய் ஸ்பீக்கரைப் புளியமரத்தில் கட்டுவார்கள். மின்சாரம் இல்லாத ஊருக்கு பேட்டரி போகும். முதல் பாட்டு பிள்ளையார் பாட்டு. பெரும்பாலும் சீர்காழி கோவிந்தராஜன் குரல். பின்னர் சினிமாப் பாட்டுகள் வரும், இரவில் 'திருவிளையாடல்' பட வசனம் ஒலிக்கும். வீட்டில் ரேடியோ வாங்க முடியாதவர்கள் அறுபதுகளின் பாடல்களைக் கேட்டது இப்படித்தான். பாட்டு ஊருக்கே பொதுவாக ஒலித்தது. இன்ன சாதித் தெரு என்று பார்த்து நின்றுவிடாமல் வயல்தாண்டிக் கேட்டது. இந்த மாவட்டத்தின் இசை வரலாற்றில் இதற்கு இணையான நிகழ்வு வேறில்லை என்பது என் கருத்து. சபாக்களுக்கும் வித்வான்களுக்கும் நூல்கள் உண்டு. மைக் செட்காரர்களைப் பற்றி எழுதப்பட்டது மிகக் குறைவு.

தெலுங்கும் கன்னடமும் பேசும் குடும்பங்கள் நிறைந்த மாவட்டம் இது. ஆகவே தமிழ்த் தட்டுகளுக்கிடையே கண்டசாலா தெலுங்கில் பாடியவையோ, பி.பி. ஸ்ரீநிவாஸ் கன்னடத்தில் பாடியவையோ தென்பட்டால் வேற்றுச் சரக்கு என்று எடுத்துவிடக் கூடாது. அந்தக் கடைக்காரர் எந்தெந்த வீட்டு விசேஷங்களுக்குப் போனார் என்பதை அவைதான் சொல்லும்.

5. தேய்மானத்தைப் படித்தல்

ஈ.பி.யில் ஒரு பக்கத்தில் இரண்டு பாட்டுகள் இருந்தால் இரண்டும் ஒரே அளவு தேய்ந்திருக்காது. சாய்வான வெளிச்சத்தில் பிடித்தால் அடிக்கடி ஓடிய பாட்டின் பள்ளங்கள் சாம்பல் பூத்திருக்கும். லேபிளில் பேனாவால் போட்ட 'டிக்' எந்தப் பாட்டுக்கு என்று பார்த்து, தேய்மானத்தோடு ஒப்பிட வேண்டும். உறையில் எழுதிய எண், கடைக்காரர் வைத்திருந்த பாட்டு நோட்டின் வரிசையாக இருக்கலாம். நோட்டு கிடைத்தால் பெரும்பேறு.

எல்லாத் தேய்மானமும் ரசிகர் விருப்பத்தால் வந்ததன்று. கனத்த பிக்கப், மாற்றாமல் விட்ட ஊசி, திருவிழாத் தெருவின் புழுதி ஆகியவையும் காரணம். ஒரே பெட்டியின் தட்டுகள் அனைத்தும் சமமாக இரைந்தால் ஊசியைக் குற்றம் சொல்லலாம்; ஒரு பாட்டு மட்டும் இரைந்தால் ஊர் அதைத் திரும்பத் திரும்பக் கேட்டது என்று கொள்ளலாம். ஒரு தட்டைப் பெட்டியிலிருந்து பிரித்து விற்றுவிட்டால் இந்த ஒப்பீட்டுக்கே வழியில்லாமல் போகும். நல்ல தட்டுகளை மட்டும் பொறுக்கிக்கொண்டு மீதியை எடைக்குப் போடும் வியாபாரிகளின் வழக்கம் எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

6. செய்முறை

பெட்டியைத் திறந்ததும் தட்டுகள் இருக்கும் வரிசையைப் படமெடுத்துக் கொள்ள வேண்டும். அரக்குத் தட்டை ஸ்பிரிட் கொண்டு துடைக்கவே கூடாது, அரக்கு கரைந்துவிடும். வினைலைக் கழுவும்போது லேபிளில் நீர் படாமல் பார்க்க வேண்டும். பேனா எழுத்து அழிந்துவிடும். தட்டுகளைப் படுக்கையாக அடுக்காமல் நிறுத்தி வைக்க வேண்டும், தகரக்கூரைக்கடியில் வைக்கக் கூடாது.

ஒலியைப் பதிவுசெய்ய 78க்கு ஏறத்தாழ 65 முதல் 75 மைக்ரான் ஊசியும், மோனோ ஈ.பி.க்கு 25 மைக்ரான் ஊசியும் பொருந்தும். பள்ளம் தேய்ந்திருந்தால் சற்றே வேறு அளவுள்ள ஊசி தேயாத சுவரைத் தொட்டுத் தெளிவான ஒலி தரும். இரைச்சலை நீக்கிய பிரதியோடு, நீக்காத பிரதியையும் காக்க வேண்டும். படத்தின் பாட்டுப் புத்தகம் கிடைத்தால் தட்டோடு சேர்த்து வைக்கலாம். புத்தகத்தில் இருந்தும் தட்டில் இல்லாத சரணம், மூன்று நிமிடத்துக்குள் அடங்க வேண்டி வெட்டுப்பட்டதா, முதலிலேயே பதிவாகாததா என்பதைப் படப்பிரதியோடு ஒப்பிட்டே முடிவு செய்ய முடியும்.