வளரிளம் பெண்களும் உடலளவைகளும்: ஒரு வரலாற்று நோக்கு

முசலியின் தென்புறத்திலுள்ள மறிச்சுக்கட்டியில் 1905 ஆம் ஆண்டு பெரும் முத்துக்குளிப்பு நிகழ்ந்தது. அங்கு கூடிய வணிகர் முத்தினை நிறையொன்றினால் மட்டும் மதிப்பிட்டாரல்லர். துளைத்தட்டுக்களாற் பருமன் பிரித்தனர். மஞ்சாடி கொண்டு நிறுத்தனர். உருட்சியையும் ஒளியையும் நோக்கினர். அதன் பின்னரே விலை கூறினர். வளரும் பெண்ணின் உடலை அளக்கும்போது நாம் அத்துணை நிதானம் காட்டுகின்றோமா என்பதே இக்கட்டுரையின் வினா.

நிறையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்துப் பெறும் உடற்றிணிவுச் சுட்டி இன்று உலகெங்கும் வழங்குகின்றது. அதன் தோற்றம் மருத்துவத்திலன்று, புள்ளிவிபரவியலிலாகும். பெல்ஜிய வானியலறிஞர் அடோல்ப் கெத்தலே, சராசரி மனிதனின் இயல்பை ஆராயப் புகுந்து, வளர்ந்தோரின் நிறை உயரத்தின் வர்க்கத்தோடு ஏறத்தாழ ஒத்துச் செல்வதைக் கண்டு, 1835 இல் தம் நூலில் எடுத்துரைத்தார். அவர் நாடியது மக்கட்டொகையின் பொதுவியல்பேயன்றித் தனியொருவரின் கொழுப்பன்று. 1972 இல் அமெரிக்க அறிஞர் அன்சல் கீசும் அவர்தம் குழுவினரும் ஐந்து நாடுகளைச் சேர்ந்த 7,424 ஆடவரை ஆராய்ந்து, அவ்விகிதத்துக்கு இன்றைய பெயரைச் சூட்டினர். அவ்வாய்விற் பெண் ஒருவரேனும் இடம்பெறவில்லை என்பது கருதத்தக்கது.

வளர்ந்தோருக்குரிய எல்லை வளரும் பிள்ளைக்குப் பொருந்தாது. பூப்பெய்தும் பருவத்தில் இடுப்பிலும் தொடையிலும் கொழுப்புச் சேர்தல் பெண்ணுடலுக்கு இயற்கை. ஆதலின் உலக சுகாதார நிறுவனம் 5 முதல் 19 வயது வரையினர்க்கு, வயதும் பாலும் வேறுபடுத்திய அட்டவணைகளை 2007 இல் வெளியிட்டது. 45 கிலோகிராம் நிறையும் 1.50 மீற்றர் உயரமும் உடைய பெண்ணொருத்தியை எடுத்துக்கொள்வோம். 45 ஐ 2.25 ஆல் வகுக்கச் சுட்டி 20 ஆகும். அவள் பத்து வயதினளாயின், மிகைநிறையின் எல்லையாகிய 19.0 ஐக் கடந்தவள். பதினைந்து வயதினளாயின், எல்லை 23.5 ஆதலால், அச்சத்துக்கு இடமில்லை. எண் ஒன்றே, தீர்ப்போ இரண்டு.

எனினும் அவ்வட்டவணைகள் அமெரிக்கப் பிள்ளைகளின் அளவுகளையே பெரும்பாலும் அடிப்படையாகக் கொண்டவை. நம்மவர் உடலமைப்பு வேறு. பூனா நகர மருத்துவர் யாஜ்னிக்கும் இலண்டன் மருத்துவர் யுட்கினும் 2004 இல் தம்மையே உதாரணமாகக் காட்டினர். இருவர்க்கும் சுட்டி 22.3, ஆனால் யுட்கினின் உடலிற் கொழுப்பு நூற்றுக்கு 9.1, யாஜ்னிக்கின் உடலில் 21.2. அவுஸ்திரேலியாவில் வாழும் இலங்கை வமிசப் பிள்ளைகளை விக்கிரமசிங்கவும் பிறரும் ஆராய்ந்து 2005 இல் வெளியிட்ட முடிவும் இதனையே வலியுறுத்தும். மிகுகொழுப்புடைய பிள்ளைகளுட் பலரைச் சுட்டியின் எல்லைகள் கண்டறியத் தவறின.

ஆகவே துணையளவைகள் வேண்டும். இடைச் சுற்றளவு உயரத்தின் பாதிக்குக் குறைவாயிருத்தல் நன்று. இதனை அறிய அளவுநாடா ஒன்றே போதும். மேற்கையின் பின்புறத் தோல்மடிப்பை இடுக்கிமானியால் அளத்தல் தோலடிக் கொழுப்பை நேரே காட்டும்; ஆயின் அதற்குப் பயின்ற கை தேவை.

நம் நாட்டுப் பாடசாலை மருத்துவப் பரிசோதனையில் தரம் 7 இலும் தரம் 10 இலும் மாணவியர் நிறுக்கப்படுகின்றனர். அவ்வேளை ஆசிரியரின் பொறுப்புப் பெரிது. ஒரு மாணவியின் நிறையை வகுப்பறிய உரத்துக் கூறின், அவள் மறுநாள் முதல் உணவை ஒறுக்கவும் கூடும். மெலிந்தவளென்று மற்றொருத்தியைப் புகழ்ந்து விடுத்தால், அவளிடத்து மறைந்துள்ள கேடு அறியப்படாது போகவும் கூடும். இரண்டும் தீங்கே.

அளவை என்பது மேலும் ஆராயத் தூண்டும் முதற்குறிப்பேயன்றி முடிந்த தீர்ப்பன்று. அதனை வயதோடும் வளர்ச்சியோடும் குடும்ப வரலாற்றோடும் பொருத்திப் பொருள் காணல் மருத்துவர் கடன். தனிமையில், கனிவோடு, நாணமுறாவண்ணம் அளத்தல் நம் கடன். முத்துக்கு இருந்த மதிப்பினும் நம் பெண்மக்களின் மதிப்புக் குறைந்ததன்று.