ஆங்கில வெப்பச் சொற்களும் அங்கேரியச் சொற்களும்

வெப்பத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்கள் அங்கேரிய மொழிச் சொற்களோடு ஒன்றுக்கொன்று முழுமையாகப் பொருந்துவதில்லை. ஆங்கிலம் இந்தோ-ஐரோப்பிய மொழிக் குடும்பத்தையும், அங்கேரியம் யூரலிய மொழிக் குடும்பத்தையும் சேர்ந்தவை ஆகும்.

வெப்ப அளவு

* லூக்வார்ம் (வெதுவெதுப்பான) - லன்தியோஷ்
* வார்ம் (இளஞ்சூடான) - மெலெக்
* ஹாட் (சூடான) - மெலெக் அல்லது ஃபொர்ரோ

ஃபொர்ரோ என்பது தொட்டால் சுடும் அளவிலான கடும் சூட்டைக் குறிக்கும். குழாயில் வரும் வெந்நீர் ஆங்கிலத்தில் ஹாட் எனப்பட்டாலும், அங்கேரியத்தில் அது மெலெக் வீஸ் (வீஸ் - நீர்) என்றே வழங்கப்படுகிறது. ஒருவருக்குப் புழுக்கமாக இருப்பின் மெலெகெம் வொன் என்பார். இதன் நேர்ப்பொருள் "என் வெப்பம் இருக்கிறது" என்பதாகும்.

சுவை

ஆங்கிலத்தில் காரத்தையும் ஹாட் என்பர். அங்கேரியத்தில் இதற்குச் சீப்போஷ் என்ற தனிச்சொல் உண்டு. இது கிள்ளுதல், கொட்டுதல் ஆகிய பொருள்களைத் தரும் வினையிலிருந்து பிறந்தது.

மனிதப் பண்பு

அன்பாகப் பழகுபவரை ஆங்கிலத்தில் வார்ம் என்பர். இதனை மெலெக் என மொழிபெயர்த்தல் பிழையாகும். தற்கால அங்கேரியத்தில் ஒருவரை மெலெக் என்றால், அவர் தன்பாலீர்ப்பு உடையவர் என்றே பொருள்படும். எனவே இவ்விடத்தில் ஸீவேயெஷ் என்ற சொல் பொருந்தும். இது இதயத்தைக் குறிக்கும் ஸீவ் என்பதிலிருந்து தோன்றியது. எனினும், அன்பான வரவேற்பை மெலெக் எனக் குறிப்பிடுவது இயல்பான வழக்கே.